பிரேக்குக்கு ஜோடி பார்த்த அக்கா

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிகளில் தரம் பார்க்கிறவர்களை கியூசி என்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா கியூசியாக இருந்தாள். ஆகவே கியூசி அக்கா. பெற்ற தாயே வாசலில் நின்று, "ஏ கியூசி, தண்ணி வந்துடுச்சு, கொடத்த எடுத்தா" என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அக்கா வேறு ஊரில் பெரிய கம்பெனியில் இருக்கிறாள். அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பரிதாபமாகவும் இருக்கிறது.

கம்பெனியில் அவள் வேலை, வரிசையில் வரும் ஷூவை எடுத்துத் திருப்பி, வளைத்து, முகர்ந்து, இடதையும் வலதையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. குறை எங்கே இருக்கிறதோ அங்கே குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு ஒட்டிய ஷூ திரும்பிப் போகும். "நாம இங்க விட்டா ஜெர்மனிக்காரன் அங்க புடிப்பான்" என்பது அக்காவின் வேதவாக்கு. அந்த ஜெர்மனிக்காரனை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் எங்கள் தெருவுக்கே வந்து எல்லார் தலைமேலும் உட்கார்ந்திருந்தான். ஏனென்றால் ஸ்டிக்கர் சுருள் கம்பெனியோடு நிற்கவில்லை, அக்காவின் கைப்பையில் கூடவே வீட்டுக்கு வந்தது.

ஒரு நாள் காலையில் சவரம் செய்துகொண்டு ஜம்மென்று வெளியே வருகிறேன். எதிரே வந்தவள் நின்று, என் முகத்தை இப்படி அப்படித் திருப்பி, தாடைக்குக் கீழே ஓர் அம்பை ஒட்டினாள். "இங்க நாலு முடி வுட்டுட்ட. ரீவொர்க்." அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். நான் மறுபடி கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால், சரியாக நாலு முடி இருந்தது.

ஆம்பூரில் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், பிரியாணியைச் சொல்லக் கூடாது. அக்காவும் சொல்லவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பிரியாணியை ஒன்றும் சொல்லாமல், தொட்டுக்கொள்ள வைத்த கத்திரிக்காய்ப் பச்சடியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். பக்கத்து இலைப் பச்சடியையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "பண்டாரி பாய், இந்த பக்கெட்டு வேற லாட்டு, அந்த பக்கெட்டு வேற லாட்டு. கலர் மாறிடுச்சு." தோல் தொழிலில் ஒரே சாயத்தொட்டியில் போட்டு எடுத்த தோல்களை ஒரு லாட் என்பார்கள். ஊர் முழுக்க அடுப்பு வைத்துப் பழுத்த சமையல்காரர் பாவம், வியர்த்துப்போய் இரண்டு பக்கெட்டையும் ஓர் அண்டாவில் கொட்டிக் கிளறினார். கல்யாணப் பெண் மணவறையிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்காவையே பெண் பார்க்க ஒருமுறை வந்தார்கள். உள்ளே மாப்பிள்ளை பெண்ணைத் தேடிக்கொண்டிருக்க, பெண் வாசல்படியில் உட்கார்ந்து மாப்பிள்ளை கழற்றிப் போட்ட ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "லெஃப்ட்ல சோல் வுட்டிருக்குது. எங்க வாங்கினீங்க?" என்றுதான் முதல் பேச்சு. அவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு முடிப்பதற்குள் பசை தடவி, கயிறு கட்டி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி வைத்துவிட்டாள். "சாயங்காலம் வரைக்கும் போடாதீங்க, பசை காயணும்." மாப்பிள்ளை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஏறினார். திரும்பி வரவில்லை. அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்காவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. "அந்த சோல் இனி ஜென்மத்துக்கும் வுடாது பாரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

இப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டு பிரேக் வாங்கப் போனவன் நான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் அப்போது ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கியிருந்தேன். கம்பெனியில் வெட்டிய தோல் துண்டுகளை ஏற்றிக்கொண்டு போய் பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டிலிருந்தே தைக்கிற பெண்களிடம் கொடுப்பது, தைத்ததை வாங்கிக்கொண்டு வருவது, இதுதான் தொழில். வண்டி ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. நிற்பதில்தான் கொஞ்சம் யோசிக்கும். பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் சாமி வந்த மாதிரி ஆடும். சக்கரத்துக்குள்ளிருந்து ஒரு கிறீச்சொலி கிளம்பும். அதற்குத் தெரு நாய்கள் எல்லாம் எழுந்து நின்று பதில் சொல்லும்.

அந்த நேரம் பார்த்து எஃப்.சி. வேறு நெருங்கியது. வாடகை வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துக் கொடுக்கிற சான்றிதழ் அது. அது இல்லாவிட்டால் தொழில் இல்லை. எனக்கோ அது இல்லாவிட்டால் கல்யாணமும் இல்லை. அந்தக் கதை இப்படி.

பேரணாம்பட்டு ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் மேஸ்திரியின் மகளுக்கும் எனக்கும் பழக்கம். அவள் அக்காவின் வரிசையில்தான் ஷூ மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தாள். வாயாடி. நான் பயந்துகொண்டே இருக்க, அவளே ஒரு நாள் அப்பாவிடம் போய், "அந்த பிக்கப் வண்டிக்காரர கட்டிக்கறேன்" என்று போட்டு உடைத்துவிட்டாள். மேஸ்திரி எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துத்தான் நான் பேசினேன்.

"வண்டிய நான் பாத்தேன்" என்றது லாரி. "டிஸ்க்கு கோணிக்கிச்சு. பேடு தேஞ்சு இரும்போட இரும்பு ஒராயுது. ரெண்டையும் மாத்து. எஃப்.சி. வாங்கினு வா. அப்புறம் பொண்ணப் பத்திப் பேசு. நிக்காத வண்டி வெச்சிருக்கறவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்."

சரிங்க மாமா என்று வாய் வரை வந்ததை விழுங்கி, "சரிங்க மேஸ்திரி" என்று காலைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் கம்பெனி வாசலில் மேஸ்திரி மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அக்காவ கூட்டினு போ" என்றாள்.

"வேற வெனையே வேணாம். ஷூ பாக்கறவங்களுக்கு பிரேக்கப் பத்தி இன்னா தெரியும்?"

"எங்க அப்பா ஊர்ல எல்லார் வேலையிலயும் நொட்டை சொல்லுவாரு. அவரு வேலையில நொட்டை சொல்ல ஒரு ஆள் வேணும்ல?" என்று கண்ணடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அக்காவிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை என் வண்டியின் முன் சக்கரத்தில் அம்பு ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜடை பின்னி, பூ வைத்து, கைப்பையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். யாரோ கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போவது போல இருந்தது எனக்கு.

கடை பஜாரில் இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் பாய் நல்ல மனுஷர். பொறுமைசாலி என்று பெயர். அந்தப் பெயர் அன்றோடு போயிற்று. டிஸ்க் என்பது முன் சக்கரத்தோடு கூடச் சுற்றும் இரும்புத் தட்டு, பேடு என்பது அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டை என்று முதலில் அக்காவுக்கு விளக்கினார். "ஒண்ணு சுத்தும்மா, ஒண்ணு புடிச்சு நிறுத்தும். புருசன் பொண்டாட்டி மாதிரி."

"அப்ப பொருத்தம் பாக்கணும்" என்றாள் அக்கா.

பாய் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் ஜோடி டிஸ்க்கை டப்பாவிலிருந்து எடுத்தார். அக்கா அதைக் கடை வாசலுக்கு, வெயிலுக்குக் கொண்டுபோனாள். நகத்தால் விளிம்பைச் சுற்றி வருடினாள். சுண்டிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"அம்மா, அது தோல் இல்லம்மா. இரும்பு."

"இரும்புக்கும் முன்பக்கம் பின்பக்கம் இருக்கும் பாய். கண்ணு பாத்தா பத்தாது, வெரல் பாக்கணும்." அடுத்த டிஸ்க்கை எடுத்து இதன் மேல் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். "இது வேற லாட்டு."

"ஒரே டப்பாம்மா!"

"டப்பா ஒண்ணுதான். பொருள் ரெண்டு."

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விளிம்பில் அடித்திருந்த எண்கள் வேறு வேறு. யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டு போய் ஒன்றை மாற்றி வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், இவரும் கவனிக்காமல் அலமாரியில் ஏற்றியிருக்கிறார். பாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. உடனே டீ வரவழைத்தார். டீ கிளாஸின் அடியில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து அக்கா அதற்கும் ஓர் அம்பு ஒட்டினாள்.

பாய்க்கு இப்போது வீம்பு பிடித்துக்கொண்டது. இந்த அம்மாவை ஒரு பொருளாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லவைக்காமல் விடுவதில்லை என்று உள்ளேயிருந்து பளபளவென்று ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். முகம் முழுக்க வரிசை வரிசையாகத் துளை போட்டது. "ஸ்போர்ட்ஸ் மாடல்மா. பசங்க காருக்கு மாட்டுவாங்க. நம்ம வண்டிக்கும் சேரும்."

"இது இன்னா, வெயில் காலத்துக்குப் போடற செருப்பாட்டம் ஓட்டை? காத்து போவறதுக்கா?"

"கரெக்ட்மா! காத்து போவறதுக்குதான்! சூடு தணியும்!"

பாய்க்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அக்கா ஒரு கணம் அதைக் கண்ணருகே கொண்டுபோய், "ஓட்டை வரிசை நேரா இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பேடு வாங்கியது தனிக் கூத்து. ஒரு வகை மெத்தென்று இருக்கும், சத்தம் போடாது, சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்னொன்று இரும்புத்தூள் கலந்தது, கெட்டியாகப் பிடிக்கும், கொஞ்சம் கத்தும். பாய் முறையாக விசாரித்தார். "இன்னா லோடு ஏத்துவீங்க தம்பி? மேடு பள்ளமான ரூட்டா? அடிக்கடி பிரேக் மிதிப்பீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா பதில் சொன்னாள். "இவன் பிரேக்க மிதிக்கறது கம்மி. ஹாரன அடிக்கறதுதான் ஜாஸ்தி. வளர்த்துவானேன் பாய், கெட்டியா புடிக்கறதையே குடுங்க. கத்தினா கத்திட்டுப் போவுது."

ஒரே டப்பாவில் இருந்த கட்டைகளை வெயிலில் பரப்பி, நிறம் பார்த்து, இடது வலது ஜோடி பிரித்தாள். கடைசியில் நல்ல கம்பெனி டிஸ்க் ஒரு ஜோடி, கெட்டிப் பேடு ஒரு செட் என்று முடிந்தபோது பள்ளிவாசலில் மதிய பாங்கு சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது கடையைத் திரும்பிப் பார்த்தேன். கோணலாகத் தொங்கிய காலண்டரில் ஓர் அம்பு, கல்லாப் பெட்டி பூட்டில் ஒன்று, பாயின் மூக்குக் கண்ணாடியில் ஒன்று. "கண்ணாடி ஸ்க்ரூ லூசு பாய், பாத்துக்கோங்க." பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இவங்க உங்களுக்கு இன்னா வேணும்?" என்றார். பக்கத்து வீடு என்றேன். "அல்லா உங்களக் காப்பாத்தட்டும்" என்றார்.

மறுநாள் மேஸ்திரி ஷெட்டில் வேலை. அக்கா லீவு போட்டுவிட்டு வந்தாள். அதுவே கம்பெனியில் ஒரு அதிசயமாம். ஒரு ஸ்டூலை இழுத்து மேஸ்திரியின் தோளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். அவர் டிஸ்க்கை மாட்டுவார். அவள், "வெரல் ரேகை பட்டிருக்குது, துடைங்க" என்பாள். "இது பிரேக்மா, மூஞ்சி பாக்கற கண்ணாடி இல்ல" என்பார் அவர். ஆனால் துடைப்பார். போல்ட்டை முடுக்குவார். "மூணு ஒரு மாதிரி, நாலாவது ஒரு மாதிரி திரும்பி இருக்குதே?" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவதையும் திருப்புவார். நான் ஒரு மூலையில் நின்று என் கல்யாணம் ஸ்பானருக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவில் நசுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டைச் சுற்றி ஒரு ஓட்டம் விட்டுப் பார்த்தோம். நின்றது. கொஞ்சம் சத்தம் வருகிறது என்று அக்கா சொன்னதால் மேஸ்திரி மறுபடி சக்கரத்தைக் கழற்றினார். அங்கேதான் வினை பிறந்தது. பளபளவென்று இருந்த புது டிஸ்க்கின் முகத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. அக்காவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"ஐயோ, ஸ்க்ராட்ச்!"

"அது அப்படித்தாம்மா ஆவும். பேடு ஒராஞ்சாதான் புடிக்கும். கோடு வுழணும்."

"புதுசுல கோடு வுழலாமா? இங்க வுட்டா அங்க புடிப்பான்."

"எவன்மா?" என்றார் மேஸ்திரி. அவருக்கு ஜெர்மனிக்காரனைத் தெரியாது. சோறு சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார். நான் பிரியாணிப் பொட்டலம் வாங்கப் போனேன்.

ஷூ கம்பெனியில் கடைசி வரிசை ஒன்று உண்டு. டப்பாவில் போவதற்கு முன் ஷூவில் கீறல் இருந்தால் மெழுகு க்ரீம் தடவி, பிரஷ்ஷால் தேய்த்து மறைப்பார்கள். அக்கா அந்த வரிசையிலும் வேலை பார்த்தவள். அவள் கைப்பையில் ஒரு குட்டி டப்பா க்ரீமும் பிரஷ்ஷும் எப்போதும் இருக்கும். நாங்கள் திரும்பி வந்தபோது இரண்டு டிஸ்க்கும் நிலைக்கண்ணாடியாக மின்னின. அக்கா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு புன்னகை செய்தாள். மேஸ்திரி, "பரவால்லயே, துடைச்சு வெச்சிட்டீங்களா" என்று முதல்முறையாக அவளைப் பாராட்டிவிட்டுச் சக்கரத்தை மாட்டினார்.

ஷெட்டுக்கு அப்பால் ஒரு இறக்கம். கீழே ஒரு தோல் ஷெட். தோலைச் சீவும்போது உதிரும் நீலத் தூளை மூட்டை மூட்டையாகக் கட்டி ரோட்டோரம் மலை மாதிரி அடுக்கியிருப்பார்கள். நான் ஓட்ட, நடுவில் அக்கா, ஓரத்தில் மேஸ்திரி. "இப்ப மிதி" என்றார் மேஸ்திரி. மிதித்தேன். வெண்ணெயில் கால் வைத்த மாதிரி போனது. "மிதிடா!" மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். "மிதிக்கறான் மேஸ்திரி, நான் பாத்துனுதான் இருக்கேன்" என்று அக்கா சாட்சி சொன்னாள். ஹாரனை அடித்தேன், வேறு என்ன செய்வது. வண்டி நிதானமாக, மரியாதையாக, மூட்டை மலைக்குள் போய்ப் புகுந்து நின்றது.

யாருக்கும் அடி இல்லை. மூட்டை வெடித்து ஜன்னல் வழியே கொட்டிய தூளில் மூன்று பேரும் தலையிலிருந்து கால் வரை நீலச் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிட்டோம். கண் மட்டும் தெரிந்தது. மேஸ்திரி இறங்கினார். வாயிலிருந்த தூளைத் துப்பினார். "வண்டி நிக்கல. பொண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா இறங்கிக் குனிந்து, சக்கரத்துக்குள் விரலை விட்டுத் தொட்டு முகர்ந்தாள். முகம் மாறியது. "மேஸ்திரி, நில்லுங்க" என்றாள். அவர் திரும்பினார். "அவன் மேல தப்பில்ல, உங்க வேலை மேலயும் தப்பில்ல. நான்தான் பாலிஷ் போட்டேன்."

"இன்னா போட்ட?"

"பாலிஷ். கோடு மறையறதுக்கு."

கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஓர் அம்பைப் பிய்த்துத் தன் நெற்றியிலேயே, பொட்டுக்கு மேலே, மூக்கைப் பார்த்து ஒட்டிக்கொண்டாள். நீலத் தூள் பூசிய முகத்தில் சிவப்பு அம்பு. மேஸ்திரி பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. கோபத்தில் என்று நினைத்தேன். மனிதர் ரோட்டோரம் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். தூள் மூட்டைக்காரன் சண்டைக்கு ஓடிவந்தவன், எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு அவனும் சிரிக்க ஆரம்பித்தான்.

டிஸ்க்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து மீட்டார் மேஸ்திரி. பேடு க்ரீமைக் குடித்துவிட்டது, அது ஆகாது என்றார். மறுபடி பஜாருக்குப் போனோம். தூரத்திலேயே அக்காவைப் பார்த்த பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அடியில் குனிந்து, "அதே பேடுதானே? நானே எடுத்தாரேன், உள்ள வராதீங்க" என்று கெஞ்சினார். அக்கா ஷட்டருக்கு அடியில் கையை நீட்டி வாங்கி, அங்கேயே ரோட்டில் வைத்து ஜோடி பார்த்தாள். அதன் பிறகு பாலாற்றங்கரை ரோட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "மிதி. வுடு. மிதி. வுடு" என்று சொல்லச் சொல்ல, புதுப் பேடு டிஸ்க்கோடு பழகுகிற வரைக்கும் ஓட்டினேன். கோடு விழுந்திருக்கிறதா என்று இறங்கி இறங்கிப் பார்த்தாள். இப்போது கோடு விழுந்தால்தான் அவளுக்குத் திருப்தி.

எஃப்.சி. நாள் வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் பக்கத்து மண் மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. மேஸ்திரி வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அக்கா. காலையிலிருந்து வெயிலில் வண்டி பார்த்துக் களைத்துப்போன இன்ஸ்பெக்டர் லைட்டைப் பார்த்தார், ஹாரனைக் கேட்டார், என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "ஒரு ரவுண்டு போ" என்றார். மாட்டு வண்டி வேகத்தில் ஒரு ரவுண்டு போனேன். "போதும், நிறுத்து. வண்டி நல்லாத்தான் இருக்குது" என்று பேனாவைத் திறந்தார்.

என் நெஞ்சில் மேளம் அடித்தது. கல்யாண மேளமேதான். அப்போது மரத்தடியிலிருந்து ஒரு குரல்.

"சார்! பிரேக்கே பாக்கல சார் நீங்க!"

எனக்கு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முடிந்த காரியம்! பேனா பேப்பரைத் தொட்டாயிற்று!

"யாரும்மா நீ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்த பிரேக்க செலக்ட் பண்ணது நான்தான் சார். இவ்ளோ மெதுவா போனா செருப்புக் கால ஊணியே நிறுத்திடலாம். வேகமா ஓட்டச் சொல்லிப் பாருங்க."

மேஸ்திரி, "யம்மா, சும்மா இரும்மா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரிப்பா. அந்தக் கோடியில இருந்து வேகமா ஓட்டு. நான் சொல்றப்ப அடி."

போனேன். திருப்பினேன். கியரை மாற்றி மாற்றி ஏற்றினேன். மைதானம் பின்னால் ஓடியது. பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் மரத்தடியிலிருந்து அக்கா விறுவிறுவென்று நடந்து வந்து, வண்டி வருகிற வழியில், நடுமைதானத்தில், கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

என் உயிர் காலுக்கு இறங்கி பிரேக்கை மிதித்தது. வண்டி முன்பக்கம் குனிந்தது. இன்ஸ்பெக்டரின் பேனா கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. புழுதி எழும்பி எதுவும் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது எதிரே அக்காவைக் காணவில்லை.

கதவைத் திறந்துகொண்டு குதித்தேன். பம்பருக்கு ஒரு முழம் முன்னால், மண்ணில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டிக்குப் பின்னால் நீண்டிருந்த டயர்த் தடங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவணும்னா வேற எடமே கெடைக்கலயாம்மா உனக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"சார், வலது பக்க டயர் கோடு ஒரு வெரக்கட கம்மியா இருக்குது பாருங்க" என்றாள் அக்கா.

என்ன மாயமோ, அந்த மனுஷர் திட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். மேஸ்திரி ஓடிவந்து அவரும் குனிந்தார். "அந்த எடத்துல மண்ணு லூசு சார்" என்றார். "லூசு இல்ல, பாருய்யா, கெட்டியாதான் இருக்குது" என்றார் இன்ஸ்பெக்டர். இரண்டு பேரும் தடத்தை மிதித்துப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்கள். கடைசியில் மண் லூசுதான் என்று இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார். பேனாவைத் தேடியெடுத்து எஃப்.சி. கையெழுத்தைப் போட்டார்.

எனக்கு அது மண்டையிலேயே ஏறவில்லை. அக்காவிடம் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "பைத்தியமாக்கா நீ? நிக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?"

"நிக்கலன்னா இன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நீ கட்டிக்கினு அந்தப் பொண்ண முன்னாடி உக்கார வெச்சுனு போவியே, அன்னிக்கா தெரியணும்?"

மேஸ்திரி என் பின்னால்தான் நின்றிருந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. பொண்ணு கேக்கறதுக்கு பெரியவங்க யாராச்சும் கூட வரணும். இந்தம்மாவ கூட்டினு வா" என்று சொல்லிவிட்டு, எஃப்.சி. பேப்பரை வாங்க ஆபீஸ் பக்கம் போனார்.

எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. "அக்கா, கேட்டியா? அக்கா!" என்று குதித்தேன். அவள் எழுந்திருக்கவே இல்லை. அதே இடத்தில் அதே மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிக் கட்டியிருந்தாள். நான் பக்கத்தில் குனிந்தேன்.

"டேய், யாரும் பாக்காத மாதிரி என்னக் கொஞ்சம் தூக்கி வுடுடா" என்றாள் மெதுவாக. "வண்டி நின்னப்பவே உக்காந்துட்டேன். கால் வரல."